ஜல்தா என்றால் எந்த ஜல்தா?

மருத்துவப் படிவங்களில் வரும் ஸ்ட்ரோக் என்பதை அரபியில் மொழிபெயர்த்து எழுதும்போது அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘தர்பா’, அதாவது அடி, என்று போடுபவர்கள் உண்டு. படிப்பவருக்கு வெயில் தாக்கியதுதான் நினைவுக்கு வரும்; அதன் பெயர் ‘தர்பத் ஷம்ஸ்’. மூளைக்கு உரியது ‘சக்தா திமாகிய்யா’. இரண்டாம் சொல்லை விழுங்கிவிடாதீர்கள். ‘சக்தா கல்பிய்யா’ என்றால் இதயமே நின்றுபோவது.

பெரிய பள்ளம் ‘ஜல்தா’. நேர்ப்பொருள் இரத்தக்கட்டி. பேச்சுவழக்கில் மாரடைப்பும் ஜல்தா, பக்கவாதமும் ஜல்தா. "முன்பு ஸ்ட்ரோக் வந்ததுண்டா?" என்ற கேள்வியை வெறும் ஜல்தா என்று படிவத்தில் எழுதினால், மாரடைப்பு வந்தவரும் ‘ஆம்’ என்று குறிப்பார். மூளை என்று சேர்த்தாலும் இரத்தக்குழாய் அடைப்பா, இரத்தக் கசிவா என்பது தெரியாது. கசிவுக்கு ‘நஸீஃப்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். முன்பு மூளையில் கசிவு இருந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஆபத்து என்பதால், இது வெறும் சொல் சண்டை இல்லை.

அடைப்பு வகைக்கு மருத்துவ அகராதி தரும் சொல் ‘இக்ஃபாரிய்யா’. சுத்தமான அரபிதான், ஆனால் நோயாளிக்குப் புரியாது. சிரியாவில் மருத்துவத்தை அரபியிலேயே கற்பிக்கிறார்கள். வளைகுடாவிலும் எகிப்திலும் ஆங்கிலத்தில் படித்த மருத்துவருக்கே அது அந்நியமாக இருக்கலாம். அறிக்கையில் அது இருக்கட்டும். குடும்பத்தாரிடம் "மூளைக்கு இரத்தம் போகவில்லை" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

தமிழ் வழியாக யோசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். நமக்குப் பக்கவாதம் என்ற ஒரே சொல்லில் நோயும் அடங்கும், கை கால் விழுவதும் அடங்கும். அந்தப் பழக்கத்தில் ஸ்ட்ரோக்குக்கு ‘ஃபாலிஜ்’ என்று எழுதிவிடுகிறோம். அது உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதைச் சொல்லும் பழைய சொல். பேச்சு மட்டும் குழறியவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘ஷலல் நிஸ்ஃபி’ என்றால் பாதி உடல் செயலிழப்பு; எந்தப் பாதி என்று சொல்லாததால் அதுவும் இடுப்புக்குக் கீழே என்று எடுத்துக்கொள்ளப்படுவதுண்டு. வலமா இடமா என்று எழுதிவிடுங்கள்.

சொல்லைவிட மோசமாகக் கெடுவது ஒரு கேள்வி: கடைசியாக நோயாளி எப்போது நன்றாக இருந்தார்? இதை "எப்போது தொடங்கியது?" என்று மாற்றினால், தூக்கத்திலேயே பாதிக்கப்பட்டவரின் மனைவி "காலை ஆறு மணிக்கு" என்பார். அது மனைவி பார்த்த நேரம். கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்கான வழக்கமான 4.5 மணி நேரக் கெடு, இரவு பத்து மணிக்கு நோயாளி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.