தரையில் படரும் தைம்: விதையை மூடாதீர்கள்

தரையோடு படர்ந்து வளரும் வாசனை மூலிகையான தைம் (thyme) செடியின் விதை தூசி மாதிரி இருக்கும். தும்மினால் போச்சு! ஒரு சிட்டிகை விதையை இரண்டு ஸ்பூன் காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரளவு சீராக விழும்.

முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் போடக் கூடாது. தொட்டியில் உள்ள ஈரமான மண் கலவையில் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரே செய்யுங்கள். 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். முளைத்ததும் ஈரத்தைக் குறையுங்கள். நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான்.

நாற்று 5 சென்டிமீட்டர் வளர்ந்ததும், நல்ல வெயிலும் வடிகாலும் உள்ள இடத்தில் 20–30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். களிமண்ணாக இருந்தால் பொடிச் சரளை கலந்து கொஞ்சம் மேடாக்குங்கள். உரம் வேண்டாம், கொடுத்தால் தண்டு நீண்டு தளர்ந்துவிடும்.

நடுவதற்கு முன் களையை வேரோடு எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. தைம் பின்னிக்கொண்ட பிறகு நடுவில் முளைக்கும் புல்லைப் பிடுங்கினால் செடியும் கையோடு வரும். முதல் வருடம் இடைவெளி தெரியத்தான் செய்யும், பூவும் பெரும்பாலும் அடுத்த வருடம்தான். அப்புறம், பூ முடிந்ததும் லேசாகக் கத்தரித்துவிடுங்கள்.