மலையகத்தில் அணை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணைத் திட்டங்களில் நடக்கும் பெரிய தவறுகளில் அநேகமானவை சுவர் எழும்புவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. இலங்கையில் நம் மலையகத்தையே பாருங்கள். 122 மீற்றர் உயரமான விக்டோரியா வளைவணை 1985 முதல் உறுதியாக நிற்கிறது. கொத்மலையும் ரந்தெனிகலவும் அப்படித்தான். கட்டுவதில் நம் நாட்டுக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. சிக்கல் வந்ததெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதால்.

முதல் தவறு அவசரம்; மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். இந்த அணைகளெல்லாம் அடங்கிய மகாவலித் திட்டம் முதலில் 30 ஆண்டுக்குப் போடப்பட்டது. 1977இல் ஆட்சி மாறிய பிறகு அதை ஆறே ஆண்டுகளுக்குள் சுருக்கினார்கள். விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி என்று ஆளுக்கோர் அணையாகப் பணமும் வந்தது. நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது, கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் வேலை தொடங்கும் திகதியை அரசியல் தீர்மானித்துவிட்டால் அதன் பிறகு வரும் எந்த ஆய்வும் “வேண்டாம்” என்று சொல்ல முடியாத ஆய்வாகிவிடுகிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோயுமல்ல. உலகெங்கும் கட்டப்பட்ட 245 பெரிய அணைகளை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 96 வீதம் கூடிப்போனதாக 2014இல் கணக்குக் காட்டினார்கள்.

அடுத்தது, மலைக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நீரைத் தேக்குவது. பலாங்கொடைப் பக்கம் வளவை கங்கையில் கட்டிய சமனலவெவ இதற்கு நல்ல பாடம். 120 மெகாவாட் நிலையம், நூறு மீற்றருக்கு மேல் உயரமாகப் பாறைக் கற்களை நிரப்பிக் கட்டிய அணை. வலது கரையில் சுண்ணக்கல் உண்டு. நீர் பட்டுப் பட்டுக் கரைந்து உள்ளே குகையும் ஓட்டையுமாக இருக்கும் பாறை அது. துளை போட்டுச் சீமெந்துக் கலவையை அழுத்தி ஏற்றியும் பார்த்தார்கள். 1992இல் நீரைத் தேக்கியபோது, அணைக்குக் கீழே மலைச்சரிவை உடைத்துக்கொண்டு நீர் பீறிட்டது. பிறகு 1998இல் தேக்கத்தின் அடியில் களிமண்ணைக் கொட்டி மூடப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. அந்தக் கசிவு நீரில்தான் கீழே கல்தோட்ட வயல்கள் விளைகின்றன என்பது உண்மை. ஆனாலும் டர்பைனுக்குப் போக வேண்டிய நீர் ஒவ்வொரு நாளும் வேறு வழியில் போகிறது.

சமனலவெவவில் நட்டம் பெரும்பாலும் மின்சாரத்துக்கு. உமா ஓயா ஆற்று நீரைச் சுரங்கத்தால் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தில் அது நேராகச் சனங்களின் தலையில் விழுந்தது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள்; சுற்றாடல் தாக்க அறிக்கை அதன் பிறகுதான் வந்தது. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணை. அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம், மலையைக் குடைந்து எல்லவுக்கு அருகே கரந்தகொல்லவில் நிலத்தடி மின் நிலையத்துக்குப் போகிறது. மலையகப் பாறை பழைய உறுதியான பாறைதான். ஆனால் அதன் வெடிப்புகளுக்குள்தான் நம் நிலத்தடி நீரில் பெரும்பகுதி ஓடுகிறது. சுரங்கம் அப்படியோர் வெடிப்பை வெட்டினால், தண்ணீர்ப் பீப்பாயின் அடியில் துளை போட்ட மாதிரிதான். 2014 இறுதியிலும் 2017இலும் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகள் வற்றின, நிலம் தாழ்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இல் பண்டாரவளைத் தெருக்கள் ஆர்ப்பாட்டத்தால் நிரம்பின.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கு இதன் கனம் சொல்லாமலே விளங்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் பீலியில் இருந்துதான் வருகிறது. மலையிடுக்கில் ஊறும் நீரைக் குழாயில் இறக்கி, லயத்துக்கு மேலே ஓர் இடத்தில் விழ விடுவார்கள். காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் பெண்கள் குடத்தோடு அங்கே வரிசை. கிணற்றுக்கு மட்டம் அளக்கலாம். பீலி வற்றினால் அதற்கு எந்தப் பதிவும் இருக்காது. பதிவு இல்லையென்றால் நஷ்டஈடும் இல்லை. ஆகவே சுரங்கம் போகும் பாதையில் உள்ள கிணறு, பீலி, ஊற்று அத்தனையையும் குறைந்தது ஒரு முழு ஆண்டாவது, மழையிலும் வெயிலிலும் அளந்து எழுதிவைத்த பிறகே குடைய வேண்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை. செய்யத்தான் ஆள் வேண்டும்.

சரிவுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேக்கம் நிரம்பியிருக்கும்போது கரையின் மண்ணும் நீரைக் குடித்துக் கனத்துவிடுகிறது. மின் உற்பத்திக்காக மட்டத்தை விறுவிறுவென இறக்கினால், தேக்கத்து நீர் போய்விடும், மண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக வடியாது. முன்பு வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த நீரும் இல்லை, உள்ளே அழுத்தமும் குறையவில்லை. அப்போதுதான் கரை வழுகும். பழைய மண்சரிவில் விழுந்து கிடக்கும் தளர்ந்த மண்ணில் லயங்களும் மரக்கறித் தோட்டங்களும் இருக்கிற நாட்டில், மட்டத்தை எந்த வேகத்தில் இறக்கலாம் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். அதை மின்சாரத் தேவை மீறக் கூடாது.

இனி மனிதர்கள். கடும் வறட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கம் இறங்கினால் அதற்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம் தலைகாட்டும். சேற்றுக்குள்ளிருந்து கோயில் எழும்பும், பழைய பாதை தெரியும். பார்க்கப் போகிறவர்களில் அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள். 1960களில் காசல்ரீயும் மவுசாகலையும் கட்டப்பட்டபோது அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களில் பெருந்தொகையானோர் தோட்டத் தொழிலாளர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். காணி உறுதி இருந்தால்தான் நஷ்டஈடு, குடியுரிமை இருந்தால்தான் அரசுக் காணி என்றால், நூறு வருடம் அதே மண்ணில் கொழுந்து பறித்தவருக்கு என்ன கிடைக்கும்? மகாவலியில் குடியேறிய விவசாயிக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. அந்தக் கணக்குக்குள் லயம் வரவேயில்லை. எனக்கு இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. காணிச் சிக்கல் தீரவில்லை. இன்றும் லயத்தில் இருப்பவரில் பெரும்பாலோரிடம் உறுதி கிடையாது. தோட்டத்தின் வேலையாள் பதிவான செக்ரோலில் பேர் இருக்கிறது, அவ்வளவுதான். தேயிலை மலை தண்ணீருக்குள் போனால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். ஆகவே நஷ்டஈட்டை உறுதிப் பத்திரத்தின் மேல் கணக்கிடுவது இங்கே அடிப்படையிலேயே பிழை. எத்தனை காலமாகக் குடியிருக்கிறார், எந்த வேலையை இழக்கிறார் என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். 2012இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்குத் தலவாக்கலையை அண்டியே வீடு கொடுத்தார்கள். எல்லாரும் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பள்ளிக்கூடமும் கடைவீதியும் சொந்தமும் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமல்ல.

மேல் கொத்மலையில் இன்னொன்றும் பார்க்கலாம். எதிர்ப்பு வந்த பிறகு திட்டத்தைச் சுருக்கி, 35 மீற்றர் அளவிலான ஒரே சிறிய அணையோடும் நீண்ட சுரங்கத்தோடும் முடித்தார்கள். 150 மெகாவாட் கிடைக்கிறது, சென் கிளயர் அருவிக்கும் பகலில் நீர் விடுகிறார்கள். உயரமான அணை மட்டும்தான் வழி என்று தொடக்கத்திலேயே முடிவெடுப்பதும் தவிர்க்க வேண்டியதே.

மழைக் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது: சராசரியை நம்புவது. 1990களின் நடுவில் நாடு ஏறத்தாழ முழுதும் நீர்மின்சாரத்தில் ஓடியது. 1996இல் மழை பொய்த்ததும் நாடு முழுதும் மணிக்கணக்கில் இருட்டு. நல்ல ஆண்டை வைத்து வாக்குக் கொடுக்காமல், மிக வறண்ட ஆண்டில் எவ்வளவு தர முடியும் என்று கணக்கிட்டிருந்தால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே வந்திருக்கும். மண்படிவும் அப்படித்தான். மகாவலியில் 1976இல் வேலைசெய்யத் தொடங்கிய பொல்கொல்ல அணைக்கட்டு, சில ஆண்டுகளிலேயே கொள்ளளவில் கணிசமான பங்கை மண்ணுக்குப் பறிகொடுத்தது. மலையில் மண் எப்படி இறங்குகிறது என்பது வெலிமடைப் பக்கம் மழைநாளில் போனால் கண்முன்னே தெரியும்: செங்குத்துச் சரிவில் மேலிருந்து கீழாக இழுத்த உருளைக்கிழங்குப் பாத்திகள், ஒவ்வொன்றின் வழியாகவும் இறங்கும் செம்மண் நீர். அணைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு மேலே உள்ள விவசாயிக்குக் கல்வரம்பு கட்ட உதவாமல் விடுவது எனக்கு விளங்குவதேயில்லை.

நீர் யாருக்கு என்பதையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் அதே வளவை கங்கையில் கீழே இருக்கும் உடவளவை விவசாயிகளின் வயல் காய்ந்தபோது சமனலவெவ நீரைத் திறப்பதா, தெற்கின் மின்சாரத்துக்கு வைத்திருப்பதா என்று இழுபறிப்பட்டு, கடைசியில் அமைச்சரவைதான் தீர்த்துவைத்தது. பயிர் கருகும்போது கூட்டம் போட்டுப் பேசுகிற விஷயமா அது?

சுற்றாடல் தாக்க மதிப்பீடு 1988இல் நம் சட்டத்துக்குள் வந்தது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. உங்கள் பகுதியில் ஒரு திட்டம் வருகிறது என்றால் அந்த 30 நாளையும் விட்டுவிடாதீர்கள். முழு அறிக்கையும் தமிழில் வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டின் ஒவ்வொரு சுவரையும், பீலியில் விழும் நீரையும் திகதியோடு படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.