கிரேக்க நாணயத்தில் இருப்பது எந்தக் கடவுள்? அடிக்கடி நேரும் தவறுகள்

ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய இளைஞனின் தலை. மறுபக்கம் அரியணையில் அமர்ந்து, கையில் கழுகை ஏந்திய ஜீயஸ், கிரேக்கர்களின் தலைமைக் கடவுள். மகா அலெக்சாண்டர் வெளியிட்ட நான்கு திராக்மா (கிரேக்கப் பண அலகு) மதிப்புள்ள வெள்ளி நாணயம் இது. எடை சுமார் 17.2 கிராம். பார்த்ததும் "அலெக்சாண்டரின் முகம்" என்று குறித்துவிடுகிறார்கள். அது கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் முகம். தான் கொன்ற நெமியா சிங்கத்தின் தோலைத்தான் அவன் தலையில் மாட்டியிருக்கிறான். தேயாத நாணயத்தில், கழுத்தருகே முடிச்சிட்ட சிங்கப் பாதங்கள்கூடத் தெரியும்.

தவறுக்குக் காரணம் எழுத்து. 'அலெக்சாந்த்ரூ' என்ற பொறிப்பு நம் ஆறாம் வேற்றுமை போன்றது: 'அலெக்சாண்டருடையது'. நாணயம் யாருடையது என்று சொல்கிறதே தவிர, படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அலெக்சாண்டரின் முகம் உண்மையில் இருப்பது அவருடைய தளபதியாக இருந்து பின்னர் மன்னனான லிசிமாக்கஸின் பெயர் பொறித்த நாணயத்தில். காதைச் சுற்றி வளையும் ஆட்டுக்கடாக் கொம்பைத் தேடுங்கள்; அது எகிப்தியக் கடவுள் அம்மோனின் கொம்பு. இன்னொன்று: அலெக்சாண்டர் பெயரிலான நாணயங்களை அவர் கி.மு. 323இல் இறந்த பிறகும் பல நகரங்கள் நெடுங்காலம் அடித்தன. பெயரை மட்டும் பார்த்துக் காலம் குறிக்கக் கூடாது.

ரோட்ஸ் தீவு நாணயத்தில் நேராக நம்மைப் பார்க்கும் முகத்தை அப்பல்லோ என்பார்கள். தலையைச் சுற்றிக் கதிர்கள் இல்லையே, சூரியக் கடவுள் ஹீலியோஸாக எப்படி இருக்கும் என்பது வாதம். அங்குள்ள பழைய நாணயங்களில் ஹீலியோஸுக்குக் கதிர்கள் கிடையாது, பறக்கும் கூந்தல்தான். திருப்பிப் பாருங்கள், ரோஜா இருக்கும். கிரேக்கத்தில் ரோஜா 'ரோதோன்', ஊர்ப் பெயர் 'ரோதோஸ்'. அவ்வூரின் காவல் தெய்வம் ஹீலியோஸ். சந்தேகம் தீர்ந்தது.

சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகர நாணயத்தில் டால்பின்கள் சூழ்ந்த பெண்முகம் பெரும்பாலும் ஆரெத்தூசா. பெருந்தெய்வம் அல்ல, ஊற்றின் தேவதை. அச்சுக் கலைஞர் கிமோன் செதுக்கிய ஒரு நாணயத்தில் அவள் பெயரே தலைக்கு மேல் இருக்கிறது. சிசிலியின் கேலா நகர நாணயத்தில் மனித முகமுள்ள காளை, கிரேக்கக் கதையில் வரும் அரக்கன் மினோட்டார் அல்ல, அவ்வூர் ஆற்றுத் தெய்வம். மினோட்டாருக்குத் தலைதான் காளை. இங்கே உடல்தான் காளை.

இத்தாலியின் பொசைடோனியா நாணயத்தில் கை ஓங்கி நிற்பவரை ஜீயஸ் என்று எண்ணிவிடுவது எளிது, ஏனெனில் வஜ்ராயுதம் வீசும் ஜீயஸும் அப்படியேதான் நிற்பார். ஓங்கிய கையில் திரிசூலத்தின் முனைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அவர் கடல் கடவுள் பொசைடன். அவ்வூரின் பழைய நாணயங்களில் பின்பக்கம் அதே உருவம் குழிவாக இருப்பதை அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள், வேண்டுமென்றே அப்படி அடித்தார்கள்.

சூலமுனை, கொம்பு, கதிர் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. நாணயத்துக்கு நேர் மேலே விளக்கை வைத்தால் அவை மறைந்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நாணயத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல் திருநீறு போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், முதலில் போவது அந்த நுண்கோடுகள்தான்.