ஹெட்லாம்ப்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

இருட்டில் நடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கான ஹெட்லாம்ப். கை டார்ச்சைவிட அது ஏன் மேல் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டும்தான்.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

கூடாரத்துக்குள் படிக்க, பையைத் துழாவ 5 முதல் 10 லுமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) போதும். சமைக்கவும் கூடாரம் அடிக்கவும் 50. தெளிவான பாதையில் நடக்க 100 முதல் 200. ஓடுவதென்றாலோ பாதையே இல்லாத இடத்தில் வழி தேடுவதென்றாலோ 300க்கு மேல். பக்கத்தில் பரவி விழும் ஒளி, தொலைவுக்குக் குவிந்து பாயும் ஒளி இரண்டும் ஒரே விளக்கில் இருந்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் பரவலான ஒளியைத்தான் எடுப்பேன்.

கடையில் எல்லோரும் அதிகபட்ச வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் பாருங்கள். 30 லுமெனுக்குக் கீழே இறங்காத விளக்கு கூடாரத்துக்குள் பெரிய தொல்லை.

படி 2: பெட்டியில் இருப்பதைப் படியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். பெட்டியில் "400 லுமென், 100 மணி நேரம்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 400 லுமென் அதிகபட்ச மோடில், 100 மணி நேரம் மிகக் குறைந்த மோடில்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு நல்ல 18650 செல் (18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி) 3000 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட் என்றால் அதில் சுமார் 10.8 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. எல்இடி ஹெட்லாம்ப் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். 100 லுமெனில் பத்து மணி நேரம் ஓடும், 400 லுமெனில் இரண்டரை மணி நேரம். 400 லுமெனை 100 மணி நேரம் எரிக்க 37 செல்லை நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றைச் செல்லை வைத்துக்கொண்டு 10,000 லுமென் என்று விற்கும் விளக்குகளையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஒழுங்கான நிறுவனங்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரமுறைப்படி அளக்கின்றன. அதிலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது நேரம். போட்டு 30 விநாடி ஆனபோது இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். அதாவது 400 லுமெனில் தொடங்கிய விளக்கு 40 லுமெனுக்கு வந்து நிற்கும் வரை. நடுவில் எப்போது சரிந்தது என்பது அந்த எண்ணில் இருக்காது. பல விளக்குகள் சூடு தாங்காமல் சில நிமிடங்களிலேயே வெளிச்சத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை.

இரண்டாவது தொலைவு. 100 மீட்டர் என்றால் 100 மீட்டருக்கு அப்பால் 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழுகிறது என்று பொருள். ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. அந்த வெளிச்சத்தில் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், பாறையா புதரா என்று சொல்ல முடியாது. தொலைவு இரு மடங்காக வேண்டுமானால் ஒளியின் குவிவு, அதாவது கேண்டெலா, நான்கு மடங்காக வேண்டும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். அதனால் லுமென் இரட்டிப்பு என்றதும் பணத்தை நீட்டாதீர்கள்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? நடுத்தர மோடில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று பாருங்கள். உங்கள் நடைக்குத் தேவையான நேரத்தைவிட ஒன்றரை மடங்காவது இருந்தால் எடுங்கள்.

படி 3: பேட்டரி

என் விருப்பம் கழற்றி மாற்றக்கூடிய 18650, கூடவே யூஎஸ்பி சார்ஜிங். உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் அது தேய்ந்து போகும் நாளில் விளக்கும் போய்விடும். ட்ரிபிள் ஏ பேட்டரி எங்கும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அல்கலைன் வகை குளிரில் சுருண்டுவிடும், மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் வகை மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும், எடையும் குறைவு. உங்கள் விளக்கில் அதைப் போடலாமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.

உதிரி 18650 செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கடுங்குளிரில் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள்.

படி 4: மாட்டுவதும் சாய்ப்பதும்

பட்டை நழுவாத அளவு இறுக்கம் போதும். நெற்றியில் தடம் பதிகிற அளவு வேண்டாம். ஒளி நான்கைந்து அடி தூரத்தில் தரையில் விழுகிற மாதிரி சாயுங்கள்.

இதைப் பலரும் சொல்லித் தருவார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. வெளிச்சம் கண்ணுக்குச் சற்று மேலேயே இருப்பதால், வேருக்கும் கல்லுக்கும் விழும் நிழல் அந்தந்தப் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும். நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது, தரை தட்டையாகத் தோன்றும். இறங்கும்போது கால் இடறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். லுமெனைக் கூட்டினால் சரியாகாது, இன்னும் மோசமாகும். விளக்கைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள், அல்லது கையில் தாழ்வாகப் பிடியுங்கள். பள்ளங்கள் உடனே கறுப்பாகத் தெரியும்.

பனிமூட்டம், தூசி, மழையிலும் இதே வைத்தியம். நெற்றியிலிருந்து போகும் ஒளி துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி வெள்ளைத் திரை போட்டுவிடும். குளிரில் நம் மூச்சே அந்தத் திரையைப் போடும். விளக்கைத் தாழ்த்துங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அப்புறம், யாராவது பேசினால் முகத்தைத் திருப்பும் முன் விளக்கைக் கீழே சாயுங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்கு அடுத்த சில நிமிடங்கள் ஒன்றும் தெரியாது.

படி 5: சிவப்பு விளக்கு

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும், வெள்ளை ஒளி பட்டால் அது கலைந்துவிடும். இருட்டில் பார்க்க உதவும் கண் செல்கள் சிவப்புக்கு அவ்வளவாக அசையாது, அதனால் மங்கிய சிவப்பில் பழக்கம் கெடாது. மங்கிய என்பதை மறக்க வேண்டாம். வரைபடம் பார்க்க மட்டும் சிவப்பு உதவாது. சிவப்பு, பழுப்பு நிறத்தில் அச்சிட்ட கோடுகள் மறைந்துபோகும்.

சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்டியே ஆக வேண்டும் என்று சில விளக்குகளில் வைத்திருப்பார்கள். அந்த வடிவமைப்பை நான் வாங்கவே மாட்டேன். தனி பொத்தான் உள்ளதைப் பாருங்கள்.

படி 6: கிளம்பும் முன்

பைக்குள் தானாக எரியாதபடி பூட்டு மோடு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி மூடியைக் கால் திருகு தளர்த்தினால் திருகு மூடி உள்ள பல விளக்குகளில் மின்சாரம் துண்டிக்கப்படும். தண்ணீரைத் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் எண் சொல்லும்: ஐபிஎக்ஸ்4 என்றால் மழைத் தெறிப்பைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். எதுவானாலும் சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்க வேண்டும்.

ஆபத்தில் உதவி கேட்க மலையேறிகளின் வழக்கம்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளிகாட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை ஒளி வந்தால் யாரோ பார்த்துவிட்டார்கள்.

பின்சேர்க்கை: இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். விலை குறைந்த விளக்குகளின் துளையில் இருக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். அதனால் சார்ஜர் விளக்கை அடையாளம் காணாது, மின்சாரமும் தராது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளைப் போடுங்கள், ஏறும்.

இன்னொன்று, புதிதாக வாங்கிய 18650 உள்ளே நுழையவில்லை என்ற புகார். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல்கள் 65 மில்லிமீட்டரைவிடச் சற்று நீளம். அழுத்தித் திணிக்காமல், உங்கள் விளக்கு எந்த நீளத்தை ஏற்கும் என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.