பேய் வீடு என்று பெயர் வாங்கிய பூர்வீக வீட்டில் குடியேற

பத்து வருடம் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைப் பேய் வீடு என்றுதான் ஊர் சொல்லும். பால் காய்ச்ச நாள் குறிக்கும் முன், கணவனும் மனைவியும் பகலில் முடிக்க வேண்டிய வேலைகள் இவை.

கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியிலேயே இருங்கள். வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் அணிந்து வாரி அள்ளுங்கள்.

இரவில் பரணில் யாரோ நடப்பதுபோல் கேட்டால் பெரும்பாலும் மரநாய்தான். விஷம் வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம். ஓட்டைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். உள்ளே குட்டி இல்லையென்று உறுதியானபின், இருட்டியதும் அது வெளியேறிய பிறகு இடுக்குகளைக் கம்பிவலையால் அடையுங்கள். அலறுவது கூகை என்ற ஆந்தை. எலி பிடிக்கும், இருக்கட்டும். உத்திரம் 'படக்'கென்பது, வெயிலில் விரிந்த மரம் குளிர்ந்து சுருங்குவதால்.

விளக்கு தானாக மங்கிப் பிரகாசித்தால் மட்டும் உண்மையிலேயே பயப்படுங்கள். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனை அழையுங்கள்; எர்த்தும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

கிணற்றில் யாரும் இறங்க வேண்டாம். அடியில் விஷவாயு தேங்கியிருக்கும். மேலிருந்தே மோட்டாரால் இறைத்து, புதுநீர் தெளிந்ததும் அளவெடுங்கள்: விட்டம் × விட்டம் × நீர் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரத்தில் கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். குடிக்கும் முன் நீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.