எண்ணெயும் வடியுது, தோலும் உரியுது: பருவ வயது முகத்துக்கு நாம் செய்யும் தவறுகள்

நெற்றியும் மூக்கும் காலையிலேயே எண்ணெயாய் மினுங்கும். அதே முகத்தில் மூக்கோரத்திலும் புருவத்துக்குள்ளும் வாயைச் சுற்றியும் வெள்ளைச் செதில் எழும்பும். இடையிடையே பரு. பதின்மூன்று, பதினான்கு வயதில் தொடங்கி எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் பலருடைய முகம் இப்படித்தான் இருக்கிறது. எண்ணெய் வடிகிற தோல் எப்படி உரியும் என்று வீட்டில் குழம்பிப் போகிறார்கள். எண்ணெயைப் பார்த்தவர் சவர்க்காரத்தை எடுத்துத் தேய்க்கச் சொல்கிறார், செதிலைப் பார்த்தவர் தேங்காயெண்ணெயைப் பூசச் சொல்கிறார். பாவம், அந்த முகம் ஒரே நாளில் இரண்டையும் தாங்குகிறது.

பூப்படையும் வயதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்குமே அன்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் கூடுகிறது. அது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்குகிறது. முடி முளைக்கும் துவாரத்தின் வாயில் இறந்த தோல் உதிராமல் ஒட்டிக்கொள்ள, எண்ணெய் உள்ளே அடைபடுகிறது. அங்கே வழக்கமாக வாழும் பக்டீரியா பெருகி, வீங்கிச் சிவந்தால் பரு. மூக்கில் தெரியும் கரும்புள்ளியும் ஊத்தை இல்லை, அடைபட்ட எண்ணெயும் தோலும் காற்றுப்பட்டுக் கறுத்தவைதான். ஆகவே "முகத்தை ஒழுங்காக் கழுவினா இதெல்லாம் வராது" என்று பிள்ளையைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை.

கழுவுவதிலிருந்தே தொடங்குவோம். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, விளையாடி வியர்த்தால் இன்னொரு தடவை போதும். பள்ளிக்கூடம் போகுமுன், வந்தபின், ரியூசனுக்குப் போகுமுன், வந்தபின் என்று ஐந்தாறு தடவை சவர்க்காரம் போட்டால் தோலின் மேற்படை காயப்படுகிறது. தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, சாதாரணக் குளியல் சவர்க்காரமோ காரத்தன்மை கொண்டது. போதாததற்குக் கடற்கரையையும் வாவியையும் அண்டிய ஊர்களில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். கழுவியபின்னும் ஒரு படலம் தோலில் தங்கி எரிச்சலைத் தரும். நுரை குறைவான, மென்மையான முகக் கழுவியை விரலால் பூசி, நன்றாக அலசி, துவாயால் ஒற்றி எடுத்தால் சரி. சீனி, உப்பு, பீர்க்கங்காய் நார் எதுவும் பரு உள்ள முகத்தில் படக்கூடாது. துவாயும் பிள்ளைக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும்.

கழுவியபின் ஒன்றும் பூசாமல் விடுவதும் பிழை. எண்ணெய் முகத்துக்கு எதற்கு மொயிஸ்சரைசர் என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, தோலுக்குள் இருக்கவேண்டிய ஈரம் வேறு. வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும்போது உதடு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், முகத்திலும் அதே வறட்சிதான். துவாரங்களை அடைக்காத வகை என்று குறிப்பிட்ட, ஜெல் போன்ற மெல்லிய கிறீமை ஈரம் முழுதாகக் காயுமுன் கொஞ்சமாகப் பூசினால் உரிவது குறையும், பரு மருந்தையும் தோல் தாங்கும்.

இனிச் செதில். எல்லாச் செதிலும் ஒன்றில்லை. முகம் இறுகி, எரிந்து, கன்னம் முழுக்க மெல்லியதாய் உரிந்தால் அநேகமாக அது அதிகம் கழுவியதாலோ ஏதோ கிறீமாலோ வந்த வறட்சி. மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் பிசுபிசுப்பான, சற்று மஞ்சளான செதில் வந்து, தலையிலும் பொடுகு இருந்தால் அது வேறு கதை. டொக்டர்மார் இதை செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். எங்கள் மாநிறத் தோலில் இது பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது, வெளிறிய திட்டாகத் தெரியும். அதனால் தேமல் என்று நினைத்து வேறெதையோ பூசிவிடுகிறார்கள். எல்லோருடைய தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கும் இதில் பங்குண்டு. அது தோல் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களைத் தின்று வளர்கிறது. தேங்காயெண்ணெயிலும் அதற்குப் பிடித்த கொழுப்பமிலங்கள் நிறைய உண்டு. இப்போது புரிந்திருக்கும், செதிலுக்கு எண்ணெய் பூசினால் அன்றைக்கு மட்டும் அடங்கி, சில நாளில் ஏன் இன்னும் கூடுகிறது என்று.

இந்த வகைக்குத் தலையிலிருந்தே வைத்தியம் தொடங்கவேண்டும். பாமசியில் கிடைக்கும் 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்பூவை வாரத்தில் இரண்டு தடவை தலையில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொடுகு நன்றாகக் குறையும். முகத்துக்கு என்ன பூசுவது என்பதை டொக்டரிடம் கேட்பது நல்லது.

தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் அனுப்புவது எங்கள் வழக்கம். பத்து மணி வெயிலுக்கு அந்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கிவிடும். முடி எல்லையை ஒட்டி வரிசையாய்ச் சிறு பரு வருகிற பிள்ளைக்கு முதலில் இதைத்தான் மாற்றிப் பார்க்கவேண்டும். அம்மம்மாவோ உம்மம்மாவோ ஆசையாய் வைக்கிற எண்ணெயை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பொடுகு அடங்கியபின், தலை முழுகுவதற்குச் சற்று முன் வைத்துக் கழுவிவிட்டால் போதும்.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவான சின்னச் சின்னப் பருக்கள் நிறைய வந்து, அரித்தால் அது சாதாரணப் பருவாக இல்லாமல் பூஞ்சைப் பருவாகவும் இருக்கலாம். எங்கள் வெக்கைக்கும் வியர்வைக்கும் இது வருவது சகஜம். அன்டிபயோட்டிக் குடித்தால் இது கூடிவிடலாம்.

குசினிப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தேசிக்காய்ச் சாறு கடும் அமிலம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் பொங்கி, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பு விழும். பற்பசையும் அப்பச்சோடாவும் தோலைச் சுட்டுவிடும். சந்தனமும் பயற்றம் மாவும் பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் பருவை மாற்றவும் மாற்றாது. காயவிட்டுத் தேய்த்து உரித்தால் அதுவும் புண்தான்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது வெள்ளையாக்கும் கிறீம்கள். ஃபென்சிக் கடைகளிலும் பேஸ்புக்கிலும் விற்கிறார்கள், சிலர் வீட்டிலேயே கலந்து சின்ன டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். சாமத்தியவீட்டுக்கோ கலியாணத்துக்கோ ஒரு மாதம் இருக்கையில் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான். பூசிய முதல் வாரத்தில் பரு அமுங்கும், செதில் போகும், முகம் பளிச்சென்று வரும். இத்தகைய பல கிறீம்களில் வீக்கத்தை அடக்கும் கடுமையான ஸ்டீரொயிட் மருந்து கலந்திருப்பதுதான் அதற்குக் காரணம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து மெல்லிய இரத்தக்குழாய்கள் தெரியும், முகத்தில் பூனைமுடி அடர்ந்து வளரும், ஸ்டீரொயிட் பரு என்றே தனியாக ஒரு பரு கிளம்பும். நிறுத்தினால் எரிந்து சிவந்து வீங்கும். அந்தப் பயத்தில் மறுபடியும் பூசுவார்கள், அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. கடிக்கோ படைக்கோ தந்த பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் களிம்பை முகத்துக்குப் பூசினாலும் இதேதான் நடக்கும்.

சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது நிறம் உண்டாவதைத் தடுக்கிறது, தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது. பூசுகிறவரின் கைபட்டு வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் 2020க்குப் பின் விலக்கப்படவேண்டியவை, ஆனாலும் உலகம் முழுக்க விற்பனையாகின்றன. வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன சேர்த்தது, யார் செய்தது, எங்கே செய்தது என்று இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் இப்படியொன்றைப் பூசி வருகிற பிள்ளையை ஏசாமல் டொக்டரிடம் கூட்டிப்போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் பார்த்துச் சொல்வார். "என்ன, கறுத்துப் போனாய்" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பதையும் நாங்கள் விடவேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ பிள்ளைகள் இந்த டப்பாவைத் திறக்கிறார்கள்.

சரி, பருவுக்கு என்னதான் பூசுவது? பென்சோயில் பெரொக்சைட், அடப்பலீன், சலிசிலிக் அமிலம் ஆகியவை நன்கு சோதித்துப் பார்த்த மருந்துகள். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. முகம் உரிந்துகொண்டிருந்தால் இரண்டு வாரம் மென்மையாகக் கழுவி, மொயிஸ்சரைசர் மட்டும் பூசி ஆறவிடுங்கள். பிறகு ஒன்றைத் தொடங்கலாம். பென்சோயில் பெரொக்சைட் 10 சதவீதம்தான் வேண்டும் என்றில்லை, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த எரிச்சலோடு செய்யும். நிறத் துணியை வெளிறச் செய்யும் என்பதால் துவாய், தலையணை உறை, ஸ்காஃப் எல்லாம் கவனம். அடப்பலீன் என்றால் பட்டாணி அளவு எடுத்து, இரவில், ஒருநாள் விட்டொருநாள், பரு மேல் மட்டுமில்லாமல் பரு வருகிற பகுதி முழுக்க மெல்லியதாய்ப் பூசவேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் பூசக்கூடாது. முதல் சில வாரம் கொஞ்சம் உரியும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும், இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தூக்கிப் போடுகிற மருந்துகளில் பல வேலை செய்யத் தொடங்கியே இருக்காது.

பருவைக் கிள்ளாதீர்கள். எங்கள் நிறத் தோலில் பருவை விட அது விட்டுப்போகிற கறுப்புத் தழும்புதான் நீண்டகாலம் இருக்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட, எண்ணெயில்லாத சன்ஸ்கிறீனைக் காலையில் பூசுவது தழும்பு மங்க உதவும்.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஸ்காஃப் அணியும் பிள்ளைகளுக்கு நெற்றியிலும் தாடையோரத்திலும் பரு கூடுவதுண்டு. வியர்வையும் உரசலும்தான் காரணம். உள்ளே போடும் தொப்பியைப் பருத்தியில் எடுத்து, தினமும் மாற்றித் துவைத்து, ஊசியை இறுக்கிக் குத்தாமல் விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிரிக்கெட் ஹெல்மெட் போடும் பையன்களுக்கும் இதேதான்.

சாப்பாட்டைப் பற்றி ஊரில் சொல்வது நிறைய. நண்டும் இறாலும் சூடு, பரு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீனி கூடிய சோடா, இனிப்பு, பால் ஆகியவை சிலருக்குப் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரிகிறது. குறைத்துப் பார்க்கலாம், ஆனால் வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடவேண்டாம்.

ஆழத்தில் கட்டிகட்டியாய் நொந்தால், குழி விழத் தொடங்கினால், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் வளர்ந்தால், பிள்ளை கண்ணாடி பார்க்கவோ பள்ளிக்கூடம் போகவோ தயங்கினால் பாமசியோடு நிற்காதீர்கள். கூட்டாளிக்கு எழுதிய துண்டைக் காட்டி அன்டிபயோட்டிக் வாங்கவும் வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ அம்பாறைப் பொது வைத்தியசாலையோ, கிட்ட உள்ளதன் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் இலவசமாகவே பார்த்து, தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். போகிற நாளில் முகத்தில் பவுடர் போடாமல், இதுவரை பூசிய கிறீம், களிம்பு எல்லாவற்றையும், பெயரில்லாத டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.