மெமரி கார்டைத் தூக்கி எறியுமுன்

எங்கள் வீட்டு மேசை லாச்சியில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் 'பழுது' என்று நான் ஒதுக்கிவைத்த மூன்று மைக்ரோ எஸ்டி கார்டுகள். கோப்பாயில் எங்கள் வளவுக் கிணற்று நீர்மட்டத்தைப் பதியத் தொடங்கிய காலத்தில் சேர்ந்தவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் நம் தண்ணீர். அது எத்தனை நாளில் ஏறுகிறது, எத்தனை நாளில் இறங்குகிறது என்று பார்க்க ஆசை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டால் கார்டில் ஒரு வரி எழுதவேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒரு நாள் எழுதும், மறுநாள் எழுதாது. கார்டை மாற்றினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் ரின்னுக்குள் போட்ட பிறகுதான் அயல்வீட்டுத் தம்பி மல்ரிமீற்றரோடு வந்தான். "அண்ணை, கார்டுக்கு எத்தினை வோல்ட் போகுது எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. அளந்தால் 2.2 வோல்ட்.

பிழை இதுதான். எஸ்டி கார்டுக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை வேண்டும். 'கார்ட் 3.3 வோல்ட்' என்று எங்கும் எழுதியிருப்பதால் கார்டைச் சொருகும் மொடியூலின் விசிசி வயரை, அதாவது மின்சாரம் போகும் வயரை, ஊனோவின் 3.3 வோல்ட் பின்னில் சொருகியிருந்தேன். ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆறு பின் மொடியூலில் வோல்டைக் குறைக்கும் ஏ.எம்.எஸ். 1117 ரெகுலேட்டர் ஏற்கனவே இருக்கிறது. அது தனக்கென்று ஏறக்குறைய 1.1 வோல்டை விழுங்கிவிடும். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால்தான் கார்டுக்கு 3.3 வந்துசேரும். ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்ட் பாவிப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்: போர்டே 3.3 வோல்டில் ஓடுவதால் மொடியூலுக்கும் அதையே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கும் 5 வோல்ட் பின்தான் சரி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதற்குக் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். ரெகுலேட்டரோ வேறு எதுவுமோ இல்லாத வெறும் சொக்கெட்டை வாங்கி, ஊனோவின் 5 வோல்ட் சிக்னல் வயர்களை நேரே கார்டில் கொடுப்பது. சிலவேளை வேலை செய்யும், அதுதான் ஆபத்து. கொஞ்ச நாளில் கார்ட் உண்மையிலேயே செத்துப்போகும். ஊனோவிலிருந்து கார்டுக்குப் போகும் மூன்று வயர்களையும் 3.3க்கு இறக்கவேண்டும். வாங்குமுன் மொடியூலைத் திருப்பிப் பாருங்கள்: மூன்று கால் ரெகுலேட்டரும் பதினான்கு கால் சிப் ஒன்றும் இருந்தால் 5 வோல்ட் ரகம். வெறும் தகடாக இருந்தால் கவனம்.

எழுதும் கணத்தில் கார்ட் 100 மில்லி அம்பியர் அளவுக்கும் இழுக்கக்கூடும். ஆகவே அந்தக் கணத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்க, கார்டுக்குப் பக்கத்திலேயே 47 மைக்ரோ பரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். வயர்களும் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். கிணற்றடியில் கார்டையும் வீட்டுக்குள் போர்டையும் வைத்தால் நடக்காது. நீளவேண்டியது சென்சர் வயர்தான்.

சரி, வோல்ட் திருந்தியது. பதினொரு நாள் ஓடவிட்டேன். நடுவில் ஒரு இரவு கரண்ட் போய் வந்தது. கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால் கோப்பு இருக்கிறது, அளவு பூச்சியம்.

இதிலும் கார்டின் குற்றம் எதுவும் இல்லை. கார்டில் எழுதுவதற்கென்று ஆர்டுயினோவோடு வரும் எஸ்டி லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பு ஒவ்வொரு வரியையும் உடனே கார்டில் எழுதுவதில்லை. 512 பைட் சேரும்வரை தன்னிடமே வைத்திருக்கும். சேர்ந்து எழுதினாலும், 'இந்தக் கோப்பு இவ்வளவு நீளம்' என்ற பதிவு கோப்பை மூடும்போதோ ஃபிளஷ் கட்டளை கொடுக்கும்போதோதான் கார்டில் ஏறும். நான் தொடக்கத்தில் ஒருமுறை திறந்தேன், மூடவே இல்லை. எழுத்துகள் கார்டுக்குள் எங்கோ கிடந்தன, அவற்றுக்கு முகவரி இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஒவ்வொரு வரிக்கும் திறந்து, எழுதி, மூடுங்கள். விநாடிக்கு நூறு வரி எழுதுபவர்களுக்கு அது கட்டாது. அவர்கள் சில விநாடிக்கொருமுறை ஃபிளஷ் செய்தால் போதும். கார்டைக் கழற்றுவதும் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான்.

பெரிய கார்ட் வாங்குவது வீண்செலவு. ஒரு வரி 30 பைட் என்றால் நாளுக்கு 144 வரி, 4320 பைட். வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் 1.6 மெகாபைட்தான். பழைய போனிலிருந்து கழற்றிய 8 ஜிபி கார்ட் தாராளம். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபாட் வடிவத்தில் வரும், எஸ்டி லைப்ரரிக்கு அது தெரியாது. ஃபாட்32 ஆக ஃபோர்மட் செய்யுங்கள். கோப்புப் பெயரும் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள், புள்ளிக்குப் பின் மூன்று. 'கிணறு' (kinaru) என்றால் ஆறு எழுத்தில் முடிந்துவிடும். 'கிணற்றுநீர்மட்டம்' என்று ஆசைப்பட்டால் கோப்பு திறக்காது, ஏன் என்றும் சொல்லாது.

நேரம் பற்றி ஒன்று. வரியோடு நேரத்தையும் பதிய டிஎஸ்3231 கடிகாரச் சிப் வாங்கினால், நேரத்தை ஒருமுறை அமைத்துவிட்டு அந்த வரியைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் விட்டுவைத்தேன். ஒவ்வொரு தடவை கரண்ட் வந்தபோதும் கடிகாரம் நான் புரோகிராம் ஏற்றிய அந்த மாலை 6.42க்கே திரும்பியது. ஒரே மாலை நான்கு தடவை; நான்கிலும் தண்ணீர் வேறுவேறு உயரம். வீட்டில் காட்டினேன், சிரித்தார்கள்.

ஊனோவில் (ஆர்3 ரகம்) இருப்பது 2048 பைட் நினைவகம்தான், அதில் கால்வாசி லைப்ரரியின் 512 பைட்டுக்கே போய்விடும். நீளமான வாசகங்களை, அந்த நினைவகத்தைப் பிடிக்காமல் புரோகிராம் இருக்கும் இடத்திலேயே வைக்கும் எஃப் மேக்ரோவுக்குள் போடாவிட்டால் போர்ட் தானாகவே மறுபடி மறுபடி தொடங்கக்கூடும், நீங்கள் கார்டைத் திட்டுவீர்கள். கிணற்றடி ஈரத்துக்குப் பெட்டியின் வயர்த் துளை கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்.

கடந்த மாதம் அந்த மூன்று கார்டுகளையும் எடுத்து 5 வோல்ட் கொடுத்த மொடியூலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நன்றாக எழுதின. மூன்றாவதில் 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. நிரப்பிச் சோதித்தால் பாதிக்கு மேல் எழுதியதெல்லாம் திரும்பி வரவில்லை. அது போலி. அதை மட்டும் மறுபடி ரின்னுக்குள் போட்டிருக்கிறேன்.